"இனிமே கூட்டம் வேண்டாம்" என்று வாயால் சொன்னால் அது உத்தரவா?

எஸ்டேட் லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் பத்துப் பேர் கூடி ஜெபிக்கிறார்கள். யாரோ புகார் சொல்ல, ஸ்டேஷனில் இருந்து ஒருவர் வந்து "இனிமே இங்க கூட்டம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மறு வாரம் கதவு சாத்திக் கிடக்கிறது. கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கம் இப்படி ஒரு சிக்கலோடு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா? வாயால் சொன்ன தடைக்கு மேல்முறையீடு கிடையாது. காகிதத்தில் வந்துவிட்டால் தேதி, கையெழுத்து, காரணம், எந்தச் சட்டம் எல்லாம் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் அதைப் புரட்டிப் பார்க்கும். வாய்ச்சொல் அவ்வளவு புழங்குவது ஏன் என்பது புரிந்திருக்கும்.

அரசியலமைப்பின் 25வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும், ஒரு மதத்தை வெளிப்படையாக ஏற்கவும், அதன்படி நடக்கவும், அதைப் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. அதில் 'குடிமக்கள்' என்று இல்லை, 'எல்லா நபர்களும்' என்றே இருக்கிறது. கடவுளே இல்லை என்பவரின் மனசாட்சியும் இதில் அடங்கும். பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்ற வரம்பும் அங்கேயே உண்டு. இந்தியா 1979இல் சேர்ந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 18வது பிரிவு இதை இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறது. நெஞ்சுக்குள் நம்புவதில் எந்த அரசும் கை வைக்க முடியாது. வெளியே நடத்துவதை மட்டும், அதுவும் சட்டம் போட்டு, தேவையான அளவுக்குத்தான் கட்டுப்படுத்தலாம்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்குக் கேரளத்து வழக்கே நல்ல சாட்சி. 1985 ஜூலையில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி வெளியேற்றியது. தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் இல்லை, தங்கள் நம்பிக்கை இடம் தராது என்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியேற்றத்தை ரத்து செய்தது. கல்வித் துறையின் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது, அதை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் முதுகெலும்பு. "மேலிருந்து சர்க்குலர் வந்திருக்கு" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

லயத்து வீட்டுக்கு வருவோம். மூன்று தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை. வீட்டுக்குள் குடும்பமும் உறவும் கூடி வழிபடுவது ஒன்று. ஒலிபெருக்கி கட்டுவது இரண்டாவது. வீட்டையே பொது வழிபாட்டுக் கட்டடமாக மாற்றுவது மூன்றாவது. மூன்றாவதற்குக் கட்டட விதிப்படி முன் அனுமதி வேண்டும். எஸ்டேட் வீடு என்றால் நிலமும் சுவரும் கம்பெனியுடையது, அவர்கள் சம்மதமும் வேண்டும். பொது இடத்தில், சாலையோரப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் புதிதாக எந்த மதத்தின் கட்டுமானமும் எழுப்பக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரே ராத்திரியில் முளைக்கும் குருசடிக்கும் பிள்ளையாருக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.

ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு 10 மணியை 12 ஆகத் தளர்த்தலாம், ஆனால் வருடத்துக்கு 15 நாளைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. அதே ஆண்டு சென்னை ஜெபக்கூடம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் மற்றவர் நிம்மதியைக் கெடுத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்றது. கோயில் மைக்கும் பள்ளிவாசல் மைக்கும் சர்ச் மைக்கும் ஒரே தராசில்தான். ஆனால் மைக்கை இறக்கச் சொல்லும் அதிகாரம், மைக் இல்லாத ஜெபத்தை நிறுத்தும் அதிகாரம் ஆகாது.

ஊர்ப் பதற்றத்தைக் காரணம் காட்டித் தடை போட வேண்டுமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163வது பிரிவில் (பழைய 144) நிர்வாக நடுவர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும், நிலைமை என்ன என்று அதில் எழுத வேண்டும். சாதாரணமாக அது இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது.

பெரிய குழி ஜாதிச் சான்றிதழில் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் அந்தத் தகுதி போகும். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. நம்பிக்கையை மாற்றினால் இட ஒதுக்கீட்டை விலையாகக் கொடு என்பது மனசாட்சிச் சுதந்திரத்தோடு எப்படி ஒட்டும் என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான், தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

விசாரணைக்கு வரும் வில்லேஜ் ஆபீசர் சுவரைப் பார்ப்பார். வேளாங்கண்ணி மாதா படம் மாட்டியிருந்தால் மதம் மாறியதாகிவிடாது. கிளினிக்கில் சிலுவை மாட்டியிருந்ததை வைத்து ராமநாதபுரத்து மருத்துவர் ஒருவரின் சான்றிதழை ரத்து செய்தது தவறு என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதேசமயம் ஞானஸ்நானம் பெற்று, ஒழுங்காக சர்ச்சுக்குப் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று கேட்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முன்னோர் காலத்தில் மாறிய குடும்பம் தாய்மதம் திரும்பினால்? கேரளத்து வழக்கொன்றில் 2015இல் அதே நீதிமன்றம் மூன்றைக் கேட்டது: மூல சாதி எது என்பதற்கு ஆதாரம், உண்மையாகவே திரும்பியது, அந்தச் சமுதாயம் ஏற்றுக்கொண்டது.

இடுக்கித் தமிழருக்கு இதோடு இன்னொரு முடிச்சு. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. தமிழ்நாட்டுக் கம்பம் ஊரில் இருக்கும் அண்ணன் சான்றிதழைக் காட்டி வண்டிப்பெரியாற்றில் வாங்க முடியாது. 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். தாத்தா பேர் உள்ள எஸ்டேட் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு போன்றவைதான் கை கொடுக்கும். கம்பெனி கை மாறும்போது முதலில் காணாமல் போவதும் இந்தக் காகிதங்களே. அக்ஷயா சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் முன்பே நகல் எடுத்து வையுங்கள்.

எல்லாக் கட்டுப்பாடும் பகை இல்லை. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் வழி திறக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஜீப், நேரம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. முன்கூட்டியே தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி அறிவிப்பதால் ஏற்பாடு எல்லோருக்கும் தெரிகிறது. 2011 ஜனவரி 14 அன்று சபரிமலை அருகே புல்லுமேட்டு நெரிசலில் நூறுக்கும் மேற்பட்ட ஐயப்ப பக்தர்கள் இறந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் வழிபடுபவருக்கு அரசு செய்ய வேண்டிய கடமைதான்.

பள்ளிக்கூட விஷயம் சுருக்கமானது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3). தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்.

வழிபாட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து கலைத்தால் தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 300வது பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. கல்லறையை, சுடுகாட்டை அவமதித்தால் 301. சம்பவம் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று ஸ்டேஷன்கள் பந்தாட வேண்டியதில்லை. எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம், எஃப்ஐஆர் நகல் இலவசம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

மலையாளம் எழுத வராது என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. மனுவில் நாள், நேரம், சொன்னவர் பதவி, சொன்ன வார்த்தை ஆகியவற்றை அப்படியே எழுதி, "தடை உண்டென்றால் உத்தரவின் நகல் தருக" என்று முடியுங்கள். பதில் வராவிட்டால் அதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம், 30 நாள் கெடு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை நகலின் பின்னால் குத்தி வையுங்கள். மழைக்காலத்தில் லயத்துச் சுவர் ஒழுகும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது உத்தமம்.