மகளா மகனா: மாவுப்பூச்சியைத் தட்டிப் பார்த்து முடிவெடுக்கும் குளவி

மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகு ஒரு தோட்டத்தில் பூச்சி அடங்குகிறது, அடுத்த தோட்டத்தில் குச்சிக்கிழங்கின் (மரவள்ளியின்) கொழுந்து வெள்ளை பூத்தபடியே நிற்கிறது. ஏன்? மரவள்ளி போடுகிறவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கான விடையைக் குளவியிடம் மட்டும் தேடினால் கிடைக்காது. மண்ணையும் பார்க்க வேண்டும்.

முதலில் பூச்சி. மரவள்ளி மாவுப்பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதிக்குள் நுழைந்து கண்டமெங்கும் பரவியது. இந்தியாவில் 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, அங்கிருந்து சேலம், நாமக்கல் பக்கம் வந்து சேர்ந்தது. இந்த இனத்தில் ஆணே கிடையாது. பிறப்பதெல்லாம் பெண், இணை சேராமலே ஒவ்வொன்றும் சுமார் 400 முட்டை இடும், ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். பாதிக் குஞ்சுகள் செத்தாலும் ஒன்று 200 ஆகி, 200 என்பது 40,000 ஆக இரண்டே தலைமுறை போதும். எச்சிலில் உள்ள நச்சு கணுவிடையைக் குறுக்குவதால் உச்சி இலைகள் கொத்தாகச் சுருண்டுகொள்ளும். மழை பெய்தால் எண்ணிக்கை சரியும், கோடையில் ஏறும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளிக்கிற மருந்தும் அவ்வளவாக உள்ளே இறங்காது.

தாயகத்தில் இதை அடக்கி வைத்திருந்த எதிரியைத் தேடியபோது சில ஆண்டுகள் வீணாயின. தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளி மேல் இருந்த மாவுப்பூச்சியை இதே இனம் என்று நினைத்து, அதன் ஒட்டுண்ணிகளைச் சோதித்தார்கள். அவை ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவில்லை. உற்றுப் பார்த்தால் அது வேறு இனம்: உடல் மஞ்சள், ஆணும் உண்டு. நம்முடையது இளஞ்சிவப்பு. உண்மையான இனத்தை 1981இல் பராகுவேயில் கண்டவர் பூச்சியியலாளர் அந்தோணி பெல்லோட்டி. அங்கே அதைத் தின்று வாழ்ந்த அனகைரஸ் லோபேசி என்ற குளவி அதே ஆண்டில் நைஜீரியாவில் விடப்பட்டது. 1990க்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைத்துவிட்டது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூச்சிகளை ஊசியில் குத்தி இனம் பிரிக்கும் வகைப்பாட்டியல் ஆய்வுக்குப் பணம் கேட்டால் நம் ஊரில் முகம் சுளிக்கிறார்கள். அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன விலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகம் இந்தக் குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடத் தொடங்கினார்கள்.

குளவியின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடி விடும் வாசனையை மோப்பம் பிடித்தே வந்துவிடும். வந்ததும் உணர்கொம்புகளால் மாவுப்பூச்சியைத் தட்டித் தட்டி அளவெடுக்கும். மிகச் சிறியது என்றால் பெரும்பாலும் முட்டை வைக்காது; குத்தி, கசிகிற திரவத்தைக் குடித்துவிட்டு நகரும். நடுத்தர அளவென்றால் பெரும்பாலும் ஆண் முட்டை. மூன்றாம் பருவக் குஞ்சு (இரண்டு முறை தோல் உரித்தது) அல்லது முதிர்ந்த பூச்சி என்றால் பெண் முட்டை.

வேண்டியபடி ஆணோ பெண்ணோ எப்படி வைக்க முடியும்? எறும்பு, தேனீ, குளவி இனங்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். இணை சேர்ந்தபோது பெற்ற விந்தைத் தாய் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கிறது. முட்டை இறங்கும்போது பையைத் திறந்தால் மகள், மூடிக்கொண்டால் மகன். கணக்கும் நேர்த்தியானது. ஒரு மாவுப்பூச்சிக்குள் ஒரு குளவிதான் வளரும்; உள்ளிருக்கும் உணவு எவ்வளவோ அவ்வளவே அதன் உடல். குட்டையான மகனாலும் இணை சேர முடியும். குட்டையான மகளுக்கோ வயிற்றில் முட்டை குறைந்துபோகும். ஆகவே பெரிய சாப்பாடு மகளுக்கு.

இப்போது மண்ணுக்கு வருவோம். சத்தில்லாத, மூடாக்கு இல்லாத மணல் நிலத்தில் செடி நோஞ்சானாக நிற்கும்; அதைத் தின்னும் மாவுப்பூச்சியும் குட்டையாகவே இருக்கும். குட்டைப் பூச்சிகளில் குளவி மகன்களையே வைக்கும். மாவுப்பூச்சியை அழிப்பது பெண் குளவி மட்டும்தான் என்பதால், தோட்டம் முழுக்கக் குளவி பறந்தாலும் அடுத்த தலைமுறைக்கு முட்டை வைக்க ஆள் இருக்காது. ஆப்பிரிக்காவில் கட்டுப்பாடு தோற்ற ஒரு சிறு பங்கு வயல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நிலங்களே. அங்கே மூடாக்கும் உரமும் இட்டபோது நிலைமை தேறியது. உரம் போட்டால் பூச்சி கொழுக்குமே என்று பயப்படுவது நியாயம்தான், கொழுக்கவும் செய்யும். ஆனால் அந்தக் கொழுத்த பூச்சிதான் குளவிக்கு மகளைத் தருகிறது. தேறிய செடி சுருண்ட கொழுந்தைத் தாண்டித் துளிர்க்கவும் செய்கிறது. இதற்காக யூரியாவை அள்ளிக் கொட்ட வேண்டாம். தொழுவுரமும் காய்ந்த தழை மூடாக்கும் போதும்.

வளர்ப்புக் கூடத்திலும் இதே தவறு நடக்கும். அவசரப்பட்டு இரண்டாம் பருவக் குஞ்சுகளைக் குளவிக்குக் காட்டினால் கூண்டு ஆண்களால் நிறையும். இணை சேராத பெண்ணை விட்டாலும் அது வைப்பதெல்லாம் மகன்தான். எனவே பொரித்த குளவிகளைத் தேன் கலந்த நீருடன் ஓரிரு நாள் ஒன்றாக வைத்திருந்து, வெயில் தணிந்த வேளையில் விட வேண்டும். விட்டபின் தோட்டத்தில் பூச்சிக்கொல்லி கூடாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக அதைச் சுற்றும் எறும்புகள் குளவியை விரட்டும், அவற்றின் சாரையையும் கவனியுங்கள்.

பூச்சி முற்றாக மறையும் என்று காத்திருக்க வேண்டாம். அது அறவே இல்லையென்றால் குளவிக்கும் வாழ்வில்லை; கொழுந்துக்கு நாலைந்து பூச்சி எப்போதும் இருக்கும், அதனால் கிழங்கு குறையாது. சுருண்ட உச்சியை ஒடித்து எரிக்கும் முன் விரித்துப் பாருங்கள். மெழுகு உதிர்ந்து, உப்பி, பழுப்பாக இறுகிய பூச்சிகள் இருந்தால் அவை குளவிக் கூடுகள். வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளை இல்லையென்றால் உள்ளே இருக்கிறது. எரிப்பதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.