கேமரா மெனுவில் திருத்த முடிந்ததும் முடியாததும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கேமராவோடு வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை விடியலில் நிறையப் பார்க்கலாம். அந்த நேரத்தில் அங்கே ஒளி ஒரே வகையாக இருப்பதில்லை. கம்பத்து விளக்கு ஒரு நிறம், படகில் தொங்கும் எல்இடி இன்னொரு நிறம், கிழக்கு வெளுத்ததும் வானத்து நீலம் வேறு. இவை எல்லாம் கலந்து விழும் ஒரு கூடைச் சங்கரா மீனைப் படமெடுத்துப் பின்திரையில் பார்த்தால், செக்கச்செவேலென்று இருந்த மீன் சில சமயம் சாம்பல் பூத்துத் தெரியும். உடனே மெனுவைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். அதற்குள் ஏலம் முடிந்துவிடுகிறது.

பக்கம் பக்கமாக விரியும் அந்த மெனுவின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவற்றை வீட்டுக்குப் போய்க் கணினியில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் இருப்பவற்றை ஷட்டர் மூடிய பிறகு யாராலும் மாற்ற முடியாது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் மெனுவின் பாதியைத் துறைமுகத்தில் தொடவே மாட்டார்கள்.

கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லான சென்சாருக்குள் போக வேண்டும். சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். நிறத்துக்காக ஒவ்வொரு பிக்சலின் மேலும் நுண்ணிய வண்ண வடிகட்டி ஒன்றைப் பதிக்கிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் இருப்பது கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் நுணுக்கங்களைப் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் நன்றாகப் பிரித்தறியும் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. சேர்ந்த மின்னூட்டம் பெருக்கப்பட்டு எண்ணாக மாறுகிறது. 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். இந்த எண்களை நிறம் கூட்டாமல் மெமரி கார்டில் எழுதி வைப்பதுதான் ரா கோப்பு.

நேரே பார்க்கவும் அனுப்பவும் ஏற்ற ஜேபெக் படமாகக் கேட்டால் கேமராவுக்குள் இருக்கும் செயலி அதற்கு மேலும் வேலை செய்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணிக்கிறது. விளக்கின் நிறத்தை ஈடுகட்டும் வைட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், நிறச்செறிவு, கூர்மை எல்லாவற்றையும் நீங்கள் மெனுவில் சொன்னபடி ஏற்றுகிறது. கடைசியில் நிறத்துக்கு 256 படிகளாகக் குறைத்து, படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்மாற்றங்களைக் கழிக்கிறது. அந்தக் கழித்தலுக்கு ஆதாரமான கணிதத்தை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர் 1974-ல் வெளியிட்டார்கள். நாம் அன்றாடம் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை அவர்கள் கணிதத்தின் வழியாகத்தான் போகின்றன. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர்கள் இவை.

இப்போது சங்கராவுக்கு வருவோம். வைட் பேலன்ஸ் என்பது அடிப்படையில் இரண்டு பெருக்கல்கள்தான். வெள்ளைப் பொருளில் மூன்று நிறங்களும் சமமாக வரும்வரை சிவப்பை ஒரு எண்ணாலும் நீலத்தை இன்னொரு எண்ணாலும் பெருக்குகிறது கேமரா. எந்த எண் என்பது ஒளியின் நிறவெப்பத்தை, அதாவது அது எவ்வளவு சிவந்தது அல்லது நீலமானது என்று காட்டும் கெல்வின் அளவைப் பொறுத்தது; எண் ஏற ஏற நீலம் கூடும். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு சுமார் 2,800, நண்பகல் வெயில் சுமார் 5,500, வெயில் படாத நிழல் 7,000-க்கும் மேல். வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா இதை ஊகிக்க வேண்டும். ஊகத்தின் பழைய அடிப்படை, ஒரு காட்சியின் நிறங்களையெல்லாம் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்பது. இன்றைய கேமராக்கள் இதைவிடப் புத்திசாலித்தனமாகக் கணக்கிட்டாலும், சட்டகம் முழுக்கச் சிவப்பு மீனை நிறைத்தால் பல சமயம் தடுமாறிப்போகின்றன. விளக்குதான் சிவப்பு என்று நினைத்துச் சிவப்பைக் குறைத்துவிடுகின்றன. மீன் வெளிறுகிறது.

ராவில் எடுத்திருந்தால் இதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பெருக்கல் இன்னும் நடக்கவே இல்லை. எந்த எண்ணால் பெருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கிறது. கணினியில் கோப்பைத் திறந்து, வைட் பேலன்ஸுக்கான சொட்டுக்குழாய்க் குறியைக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியின் மேல் வைத்து ஒரு தடவை அழுத்துங்கள். சங்கரா தன் நிறத்துக்குத் திரும்பிவிடும். ஐஸ் கட்டியின் மேல் வைக்காதீர்கள். அது வானத்து நீலத்தைப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. பழைய சோடியம் ஆவி விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளில் குவிந்திருக்கும். அதில் நீலம் மிகச் சொற்பம். இல்லாததை எதனால் பெருக்கினாலும் புள்ளி புள்ளியான இரைச்சல்தான் மிஞ்சும். அதேபோல், ஒரு பாதியில் விளக்கும் மறுபாதியில் விடியலும் விழுந்தால் ஒரே பெருக்கல் இரண்டையும் சரிசெய்யாது.

பின்திரையையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. ராவில் எடுத்தாலும் திரையில் தெரிவது கேமரா தயாரித்துக் கோப்புக்குள் வைத்த ஜேபெக் முன்னோட்டம்தான். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும், வெளுத்துப்போன இடங்களைக் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையும் அந்த ஜேபெக்கிலிருந்தே பெரும்பாலும் கணக்கிடப்படுகின்றன. மெனுவில் கான்ட்ராஸ்டை ஏற்றி வைத்திருந்தால், வஞ்சிரத்தின் வெள்ளி வயிறு வெளுத்துவிட்டதாகத் திரை கண்சிமிட்டும். ராவில் அந்தச் செதில்கள் பத்திரமாக இருக்கக்கூடும். கான்ட்ராஸ்டையும் நிறச்செறிவையும் சேர்த்து மாற்றும் படப் பாணியை மிதமான நியூட்ரலில் வைத்துக்கொண்டால் திரை உண்மைக்கு நெருங்கி வரும்.

கோட்டின் மாற்ற முடியாத அந்தப் பக்கம் இருப்பவை சிலவே. ஷட்டர் வேகம், லென்ஸ் துவாரம், ஃபோகஸ். இவை சென்சாரைத் தொடும் ஒளியையே தீர்மானிக்கின்றன. பதிவை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ பெருக்கம், ஒளி எண்ணாக மாறும் முன்பே பெரும்பாலும் நடந்துவிடுவதால், உச்சியைத் தாண்டி வெளுத்ததை மீட்க முடியாது. சில வசதிகள் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும். கேனனின் ஹைலைட் டோன் பிரையாரிட்டியை இயக்கினால் ஐஎஸ்ஓ 100 மறைந்து 200-லிருந்து தொடங்கும். வெளிச்சமான பகுதியைக் காப்பாற்றக் கேமரா குறைத்துப் பதிந்து, நிழலைப் பிறகு தூக்கிவிடுவதன் அடையாளம் அது. மென்பொருள் வேலைபோல் தோன்றினாலும் பதிவையே மாற்றுகிறது. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனும் அப்படியே. எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று, கழிமுகத்துக்கு அப்பால் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை இரவில் 30 வினாடி எடுத்தால், அடுத்த 30 வினாடிக்குக் கேமரா எதற்கும் அசையாது. பழுதில்லை, பயப்பட வேண்டாம். ஷட்டரை மூடியபடி அதே நேரத்துக்கு இன்னொரு கருப்புப் படம் எடுத்து, சூட்டினால் ஒளிர்ந்த பிக்சல்களைக் கண்டுபிடித்து முதல் படத்திலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் கேமரா பெட்டிக்குள் குறுந்தகடாக வந்த மென்பொருளை இப்போது நிறுவனத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கல்யாண வேலைக்கு வரும் இளைஞர்கள் பலர் இவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல், விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கேமராவின் படப் பாணி எப்படிச் செயல்படுகிறது என்ற சூத்திரம் அதைச் செய்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அவர்களுடைய மென்பொருளில் ரா கோப்பைத் திறந்தால் திரையில் கண்ட அதே நிறம் வரும். பாணியை மாற்றினால், எடுக்கும்போதே அப்படி வைத்ததுபோல் மாறும். பிற மென்பொருள்கள் பெரும்பாலும் வைட் பேலன்ஸை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றுக்குத் தங்கள் சொந்தக் கணிப்பைப் போடுகின்றன. ரா மங்கலாக இருக்கிறது என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் எழுகிறது. ஃபூஜிஃபில்ம் இதில் ஒரு படி மேலே போனது. அதன் எக்ஸ் ரா ஸ்டூடியோவில் கேமராவை யுஎஸ்பி கம்பியில் இணைக்க வேண்டும். கணினி உங்கள் விருப்பங்களைச் சொல்ல, கேமராவின் செயலியே படத்தைத் தயாரித்துத் தரும்.

படம் எவ்வளவு நிறங்களைக் காட்டலாம் என்று வரையறுக்கும் நிறவெளி என்ற வரியில் இணையத்துக்கும் சாதாரண அச்சுக் கடைக்கும் எஸ்ஆர்ஜிபி போதும். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்தால் பல கேமராக்கள் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை அடிக்கோடாக மாற்றிவிடும். கார்டைப் பார்த்ததுமே தெரிந்துகொள்ளலாம்.

எந்த மென்பொருளாலும் எளிதில் தீராத ஒன்று விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அதில் எரியும் விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண் அதைக் கவனிப்பதில்லை. வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு கேரம் கிளப்பில், பலகைக்கு மேலே தொங்கும் விளக்கில் 1/500 வினாடியில் எடுத்துப் பாருங்கள். ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் வரும். சிலவற்றில் குறுக்கே பட்டை விழும். வீடியோவுக்கு மெனுவில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற என்டிஎஸ்சியை மாற்றி, 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற பால் (PAL) முறையைத் தேர்ந்தெடுத்து, வினாடிக்கு 25 அல்லது 50 சட்டகத்தில், ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடும் நொடியைப் படமாக உறைய வைக்க அந்த வேகம் போதாது. அதற்கு ஆன்டி-ஃப்ளிக்கர் என்ற வரியைத் தேடி இயக்குங்கள். கேமரா விளக்கின் துடிப்பை அளந்து, ஒளி உச்சத்துக்கு ஏறும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் சற்றுக் குறையும், ஆனால் படங்கள் ஒரே வெளிச்சத்தில் வரும்.