தனிப் படகில் தீவுக்குப் போகிறீர்களா? அம்மாவை முன்பக்கம் உட்கார வைக்காதீர்கள்

தீவு பார்க்கத் தனியாகப் படகு பேசும்போது எல்லாரும் விசாரிப்பது ஒரே மாதிரிதான். அரை நாளுக்கு எவ்வளவு, எத்தனை தீவு காட்டுவீர்கள், சாப்பாடு உண்டா, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. அம்மாவை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. நாகர்கோவிலில் எலும்பு மருத்துவம் பார்க்கிற எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இப்போது நிறையப் பயணம் போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிற மகன் லீவில் வந்து, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அந்தமான், மாலத்தீவு, தாய்லாந்தில் புக்கெட், கிராபி. அங்கே கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய படகில் போவானேன், நம் குடும்பத்துக்கு மட்டும் ஒரு ஸ்பீட் போட் எடுத்தால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். கணக்கில் தப்பில்லை. ஆனால் அப்படிப் போய் வந்தவர்களில் சிலர் முதுகைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வருகிறார்கள்.

அவர்கள் சொல்லும் கதையும் பெரிதாக மாறுவதில்லை. போகும்போது கடல் நன்றாகத்தான் இருந்தது. காற்று வாங்கவும் படம் எடுக்கவும் வசதி என்று முன்னால் உட்கார்ந்தார்கள். "ஒரே ஒரு துள்ளல்தான் டாக்டரே, மேலே தூக்கிச்சு, பொத்துன்னு இருந்தேன், மூச்சே வரல்ல." இருக்கையிலிருந்து விழவில்லை, எங்கேயும் மோதவில்லை, ரத்தக் காயம் இல்லை. அதனால் எலும்பு முறிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால், விலா எலும்புகள் முடிகிற இடத்தில் இருக்கும் கடைசி மார்பு முள்ளெலும்போ, அதற்கு அடுத்த முதல் இடுப்பு முள்ளெலும்போ முன்பக்கம் அமுங்கிப் போயிருக்கும். பெட்டி போல இருக்க வேண்டிய எலும்பு, ஆப்பு வடிவத்துக்கு வந்திருக்கும்.

விழாமலே எப்படி முறியும் என்று கேட்பார்கள். ஸ்பீட் போட் 25 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு 46 கிலோமீட்டர். அந்த வேகத்தில் படகு அலையின் முதுகில் ஏறியதும் முன்பகுதி நீரை விட்டு எழும்புகிறது. உட்கார்ந்திருப்பவரும் இருக்கையை விட்டு அரை சாணோ ஒரு சாணோ மேலே போகிறார். அடுத்த நொடி படகின் அடிப்பாகம் நீரில் அறைகிறது. அறைந்த படகு கீழே இறங்குவது சட்டென்று நின்றுபோகிறது, சில நேரம் அடுத்த அலை அதை மேலே தள்ளவும் செய்கிறது. மேலிருந்து வருகிற மனிதரும் கீழிருந்து வருகிற இருக்கையும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் அவருடைய புட்டம். அங்கே வாங்கிய அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. மார்புப் பகுதி முள்ளெலும்புகளை விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. இடுப்புப் பகுதி எளிதாக வளையக்கூடியது. இறுக்கமும் நெகிழ்வும் சேர்கிற அந்தக் கணுவில்தான் அடி போய் நிற்கும். அப்போது கொஞ்சம் குனிந்து உட்கார்ந்திருந்தால், அதாவது கையில் போனை வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தால், பாரம் முழுவதும் எலும்பின் முன்பக்கம் விழுகிறது.

படகின் பின்பகுதி இப்படித் துள்ளுவதில்லை. எஞ்சின் பாரம் அங்கே இருக்கிறது, அந்த இடம் நீரோடு ஒட்டியே போகிறது. ஒரே படகில் முன்னால் இருந்தவருக்கு எலும்பு முறிந்திருக்க, பின்னால் இருந்த பேரக்குழந்தைக்கு அது ஊஞ்சல் ஆடியது போல இருந்திருக்கும். நம் குளச்சல், முட்டம் பக்கத்துக் கடலோடிகளுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அலை அடிக்கும்போது ஃபைபர் போட்டின் அணியத்தில், அதாவது முன்முனையில், காலை நீட்டி இருந்து வருகிறவரைப் பார்ப்பது அரிது. முழங்காலை மடக்கி நிற்பார்கள், கையில் ஒரு பிடி இருக்கும், துள்ளலை அது வாங்கிக்கொள்ளும். சுற்றுலாப் படகில் அதே அணியத்தில்தான் மெத்தை போட்டு, பார்க்க அழகாக இருக்கிறது என்று விருந்தாளிகளை உட்கார வைக்கிறார்கள். அந்த மெத்தையை நம்ப வேண்டாம். ஒரு நல்ல அடியில் அது அடிமட்டம் வரை அமுங்கிவிடும், அதற்குப் பிறகு இருப்பது வெறும் பலகை.

எலும்பு நன்றாக இருக்கிற இளைஞர்களுக்கும் இது நடக்கிறது என்பதால், வயதானவர்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஆபத்து பல மடங்கு. நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு எலும்பு தேய்மானம் இன்னும் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. மூச்சுத்திணறலுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை வருடக்கணக்காக எடுத்தவர்கள், ஏற்கெனவே ஒரு முள்ளெலும்பு அமுங்கியவர்கள், முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்கள், டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குகிறவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் யாரும் சிறிய ஸ்பீட் போட்டில் ஏறவே வேண்டாம் என்பேன். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. 'கூனல் விழ ஆரம்பித்திருக்கிறது, போன வருஷத்தைவிட உயரம் குறைந்த மாதிரி இருக்கிறது' என்று வீட்டில் யாரையாவது பற்றிப் பேசியிருந்தால், அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஓர் எலும்பு அமுங்கியிருக்கக்கூடும்.

எந்த மாதம் போகிறோம் என்பதும் பெரிய விஷயம். அந்தமான் கடலின் இரு கரையிலும், அதாவது நம் அந்தமானிலும் புக்கெட், கிராபி பக்கத்திலும், மே மாதம் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. புக்கெட்டுக்கு வடக்கே இருக்கும் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சுற்றுலாவுக்கு மூடியே வைக்கிறார்கள். அதே மாதங்களில்தான் 'ஆஃப் சீசன் பேக்கேஜ்' என்று பாதி விலைக்கு விளம்பரம் வருகிறது. விலை குறைந்ததற்குக் காரணம் கடல். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்றால் அங்கே பெரும்பாலும் அமைதி. அந்தமானுக்கும் நம் கரைக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தை முன்கூட்டியே சொல்கிறது, போனிலேயே பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால் நான் என் வீட்டுப் பெரியவர்களைச் சிறிய படகில் ஏற்ற மாட்டேன். இது என் சொந்தக் கணக்கு. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் இருக்கலாம்.

தனிப் படகில் ஒரு நல்லது இருக்கிறது, அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. படகு உங்களுக்காக ஓடுகிறது. டிக்கெட் எடுத்து முப்பது பேரோடு போகும் படகில், மெதுவாகப் போங்கள் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் முறைப்பார்கள். இங்கே சொல்லலாம், கேட்டே ஆக வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அரை நாளில் நான்கு தீவு என்று பேசி முடித்திருப்பீர்கள். ஓட்டுநருக்கு மத்தியானம் அடுத்த சவாரி காத்திருக்கும். அவர் பறக்கத்தான் செய்வார். பேசும்போதே இரண்டு தீவு போதும், மெதுவாகப் போக வேண்டும், வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லாமல் தீவைக் குறைக்கச் சொன்னால் எந்த ஓட்டுநரும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொள்வார். அந்தமானில் 'தீரே சலாவோ' என்றால் போதும். தாய்லாந்தில் 'சா சா' என்று சொல்லிக் கையைக் கீழே தட்டிக் காட்டினால் புரியும். கிராபியில் நீளவால் படகுகள் என்று மரப்படகுகள் உண்டு. சத்தம் காதைப் பிளக்கும், ஸ்பீட் போட் அளவுக்கு வேகம் வராது. பக்கத்துத் தீவுகளுக்கு அவையே போதும்.

உட்காரும் இடம் பின்பாதி, முடிந்தால் நடுவில். முகம் முன்னோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் நீள இருக்கையில் இடுப்பைத் திருகி உட்கார்ந்தால் அடி கோணலாக ஏறும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், கைக்கு ஒரு கம்பி வேண்டும். பெரிய அலை வருகிறது என்று தெரிந்தால் புட்டத்தைச் சற்று எழுப்பி, பாரத்தைக் காலுக்குக் கொடுங்கள். தரையில் காலை நீட்டி உட்காருவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அதுதான் மோசம். முழங்கால் எந்த உதவியும் செய்ய முடியாது. குழந்தையை மடியில் வைக்காதீர்கள். துள்ளும்போது கை தானாக விடும், விடாவிட்டால் குழந்தையின் எடையும் உங்கள் முதுகில் சேரும். லைஃப் ஜாக்கெட்டைப் பட்டி இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அது நீரில் விழுந்தால் காப்பாற்ற. முதுகெலும்பை அது காப்பாற்றாது.

பின்னால் உட்கார்ந்தால் பெட்ரோல் நாற்றம், வாந்தி வரும் என்பார்கள். நாற்றம் உண்மைதான். ஆனால் ஆட்டம் அதிகம் இருப்பது முன்பகுதியில், வாந்தியைக் கிளப்புவதும் ஆட்டம்தான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். குமட்டல் ஆரம்பித்த பிறகு போடுகிற மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும். புரோஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்தமோ இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைப் போட வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், வாந்திக்குப் பயந்து வெறும் வயிற்றில் மருந்தைப் போட்டுக்கொண்டு படகேறுவது இன்னொரு ஆபத்து. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இனி, அடி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துள்ளலுக்குப் பிறகு நடு முதுகில் வலி, மூச்சு அடைத்த மாதிரி இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. அந்த நிமிடமே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அவரை உட்கார வைக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போய்த் தீவில் நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். படகின் பின்பகுதித் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். திருப்ப வேண்டியிருந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருப்புங்கள். நான் பார்த்தவர்களில் கவலை தந்தவர்கள் முதல் அடியோடு நின்றவர்கள் இல்லை. அதே படகில், அதே வேகத்தில், அதே முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பி வந்தவர்கள். உடைந்த எலும்பு இரண்டாவது அடியைத் தாங்காது. நொறுங்கிய துண்டு பின்னால் நகர்ந்தால் அங்கே நரம்புத்தண்டு இருக்கிறது. கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு குறைவது, சிறுநீர் போக முடியாமல் வயிறு கனப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டுக் கடலில் உதவிக்குக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கரைக்கு வந்த பிறகு 108. தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155.

ஊர் திரும்பிய பிறகு நம் மாவட்டத்தில் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 'சதைப் பிடிப்புதான், எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகும்' என்று வர்ம ஆசானிடம் போகிறார்கள். வர்மமும் தடவலும் இந்த மண்ணின் வைத்தியம், நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அனுபவமுள்ள ஆசான்கள் முதுகில் கை வைத்ததுமே, 'படம் எடுத்துட்டு வா' என்று திருப்பி அனுப்புவதை நானே கண்டிருக்கிறேன். எல்லாரும் அப்படி இல்லை. ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் தடவுங்கள், அவ்வளவுதான். படகுத் துள்ளலுக்குப் பிறகு இரண்டு நாள் தாண்டியும் திரும்பிப் படுக்கும்போது வலித்தால், வலி மாத்திரைக்குக் குறைந்தாலும், படம் எடுத்தாக வேண்டும்.

பயந்துவிடவும் வேண்டாம். பெரும்பாலான ஆப்பு முறிவுகளுக்கு அறுவை தேவைப்படுவதில்லை. முதுகைத் தாங்கிப் பிடிக்க ஒரு ப்ரேஸ், வலிக்கு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடை, இரண்டு மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிடும். நொறுங்கியது, நரம்பை அழுத்துவது, இவைதான் ஸ்க்ரூ வரை போகும். வெளிநாட்டில் இது நடந்தால் செலவு வேறு மாதிரி. படுத்தபடி விமானத்தில் கூட்டி வர ஸ்ட்ரெச்சருக்குப் பல இருக்கைகளின் கட்டணம் கட்ட வேண்டும், பறக்கலாம் என்ற மருத்துவச் சான்றும் வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது படகுப் பயணம் அதில் அடங்குமா என்று ஒரு வரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு பெரியது, மெதுவானது, அதில் இந்தத் துள்ளல் கிடையாது. கடல் சீற்றமாக இருந்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். அதற்காகக் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். அங்கே கணுக்கால் சுளுக்குவதும் மணிக்கட்டு முறிவதும் ஏறி இறங்கும் இடத்தில்தான். படகு மேலே வரும்வரை பொறுத்து, கைகொடுப்பவரின் கையைப் பிடித்து ஏறினால் போதும். 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு இன்னொரு முறை படகேற வேண்டிய தேவையும் இல்லை.

ப்ரேஸ் கழற்றிய அன்றே பலர் கேட்பது, 'இனி படகில் போகலாமா' என்று. பாறைக்குப் போய் வாருங்கள் என்பேன். ஸ்பீட் போட் என்றால் முதலில் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் அதற்கான மருந்தை ஆரம்பித்துவிட்டு, அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.