வராதவர்களை விடுங்கள், வந்தவர்களைக் கேளுங்கள்

தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம் நம்மவர்கள் நடத்தும் ஒரு மாலை வகுப்பின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜூலை மழையில் பிள்ளைகளின் வருகை பாதியாகிவிட்டது. ஒரு மணி நேரம் காரணங்களாகவே அடுக்கினார்கள்: தெருவில் தண்ணீர், பெற்றோருக்கு அக்கறையில்லை, ஆசிரியர்கள் தாமதம். கடைசிக் காரணத்தைக் கேட்டதும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது கணக்குச் சொல்லித்தரும் அக்கா கேட்டார்: "இந்த மழையிலும் ஒன்பது பிள்ளைகள் ஒருநாள்கூட விடவில்லையே, அவர்கள் எப்படி வருகிறார்கள்?"

யாருக்கும் தெரியவில்லை.

நிறுவன ஆய்வில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1980இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவமனைக்கு ஆய்வு மாணவராகப் போன டேவிட் கூப்பர்ரைடர், வழக்கம்போலக் கோளாறுகளைத் தேடத்தான் தொடங்கினார். அங்கே இருந்த ஒத்துழைப்பு அவரை அசத்தியது. அதையே துருவிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா. நன்றாக நடப்பதைத் தேடிக் கேட்கும் இந்த முறைக்கு, 1987இல் இருவரும் எழுதிய கட்டுரையோடு 'அப்ரிஷியேட்டிவ் என்கொயரி' என்ற பெயர் பரவியது. பெயரைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

தவறு எங்கே என்று கேட்டால் மனிதர் தன்னைக் காத்துக்கொள்வதில் இறங்குகிறார்; தகவல் வறண்டுவிடுகிறது. நன்றாக நடந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் யார், எப்போது, எதை வைத்து என்ற விவரமெல்லாம் தானாக வந்து விழுகிறது. அதே இடத்தில், அதே வசதிகளோடு நடந்தது என்பதால் மற்றவர்களும் அதைச் செய்து பார்க்கலாம். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க 1990இல் 'சேவ் த சில்ட்ரன்' தொண்டு நிறுவனத்துக்காக வியட்நாமுக்குப் போன ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதி இதைத்தான் செய்தார்கள். ஏழைக் குடும்பங்களிலேயே நன்றாக வளர்ந்திருந்த குழந்தைகளைத் தேடினார்கள். அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைத்த பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை ஆகியவற்றைச் சோற்றில் சேர்த்திருந்தார்கள். நாளுக்குப் பலமுறை ஊட்டியிருந்தார்கள். குழந்தைக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்கிய உணவு அது.

எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. ஆய்வாளர்கள் ஜெர்வாஸ் புஷ், அனிக் கஸ்ஸாம் இருவரும் 2005இல் அப்ரிஷியேட்டிவ் என்கொயரி முயற்சிகள் இருபதை அலசியபோது ஏழில்தான் அடிப்படை மாற்றம் தெரிந்தது. நல்லதைப் பேசினால் மட்டும் போதாது. பேச்சிலிருந்து புதிய யோசனை ஒன்று பிறக்க வேண்டும்.

தாராவியில் அது பிறந்தது. தவறாமல் வந்த அந்தப் பிள்ளைகளைக் கேட்டபோது தெரிந்தது: ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சந்து சந்தாகக் குரல் கொடுத்துச் சிறியவர்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தான். அடுத்த வாரமே இன்னும் மூன்று சந்துகளுக்கு அப்படி ஆள் ஏற்பாடானது. ஆசிரியர்களின் தாமதத்துக்குத்தான் இந்தக் கேள்வி உதவவில்லை; வகுப்பையே அரை மணி தள்ளிவைத்தார்கள்.