பிணைப்பில் சேராத நான்கு புள்ளிகள்

பள்ளி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தேர்வில் நீர் மூலக்கூறின் எலக்ட்ரான் புள்ளிப் படத்தை வரைந்தேன். ஹைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று வரிசையாக எழுதி, எட்டுப் புள்ளிகளையும் சரியாக வைத்தேன். ஆனாலும் அரை மதிப்பெண் போய்விட்டது. 'நீர் வளைந்த மூலக்கூறு' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். கார்பன் டை ஆக்சைடை மட்டும் நேராக வரையலாமாம். இரண்டிலும் மூன்று அணுக்கள்தானே?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படம் சரி. புள்ளிப் படம் என்பது எலக்ட்ரான்களின் வரவு செலவுக் கணக்கு. யாரிடம் எத்தனை இருக்கின்றன, எவை பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும்தான் அது காட்டும். ஆனால் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது என்பதற்கான பதிலும் நீங்கள் வைத்த அந்த எட்டுப் புள்ளிகளிலேயே இருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் "நீர் வளைந்தது, கார்பன் டை ஆக்சைடு நேரானது" என்று மனப்பாடம் செய்ய வைப்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தப் படங்களை நமக்குத் தந்தவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். 1902-இல் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தனிமங்களின் வரிசையை விளக்குவதற்காக, அணுவை ஒரு கனசதுரமாக வரைந்து, அதன் எட்டு மூலைகளில் எலக்ட்ரான்களை வைத்துக் காட்டினார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கிறுக்கல் 14 வருடம் ஊறி, 1916-இல் கட்டுரையாக வந்தது: இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையை, அதாவது ஒரு ஜோடி எலக்ட்ரான்களை, பங்கிட்டுக்கொண்டால் அதுவே பிணைப்பு. ஏன் இரண்டு இரண்டாக என்பதற்குக் குவாண்டம் இயற்பியல் வழியாக விளக்கம் கிடைத்தது 1927-இல்தான். பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் லூயிஸுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் "மூன்று வருடத்தில் என்ன பயன் வரும்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கனசதுரம்தான் ஞாபகம் வரும். வகுப்பில் வரைந்த ஒரு படம் 14 வருடம் காத்திருக்க இடம் வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான், ஹைட்ரஜன் ஒவ்வொன்றிலும் 1. மொத்தம் 8, அதாவது நான்கு இரட்டைகள். இரண்டு இரட்டைகள் ஹைட்ரஜன்களைப் பிடித்துக்கொள்கின்றன. மீதி இரண்டு யாரோடும் சேராமல் ஆக்சிஜன் மேலேயே இருக்கின்றன. இவைதான் தனித்த இரட்டைகள். தேர்வு அவசரத்தில் பலரும் வைக்க மறப்பது இந்த நான்கு புள்ளிகளைத்தான்.

இப்போது ஒரு களிமண் உருண்டையும் நான்கு தீக்குச்சிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் ஒன்றுக்கொன்று முடிந்தவரை தள்ளி நிற்க வேண்டும். முதலில் கூட்டல் குறி மாதிரி நான்கையும் ஒரே தளத்தில் குத்தத் தோன்றும். பக்கத்துக் குச்சிகளுக்கு நடுவே 90 டிகிரி. அப்புறம் எதிரெதிரே இருக்கும் இரண்டு குச்சிகளைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், மற்ற இரண்டைக் கீழே இறக்குங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போய், எந்த இரண்டுக்கும் நடுவே 109.5 டிகிரி வரும் இடத்தில் நிற்கும். அதுதான் நான்முகி. எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதால் ஆக்சிஜனைச் சுற்றியுள்ள நான்கு இரட்டைகளும் ஏறத்தாழ இப்படித்தான் நிற்கின்றன. எவையேனும் இரண்டு குச்சிகளின் முனையில் ஹைட்ரஜனை ஒட்டுங்கள். எப்படி ஒட்டினாலும் மூலக்கூறு வளைந்துதான் இருக்கும்.

அளந்து பார்த்தால் நீரின் கோணம் 104.5 டிகிரி, அதாவது இன்னும் கொஞ்சம் குறுகல். பிணைப்பில் இருக்கும் இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இரு பக்கமும் இழுத்து வைத்திருக்கின்றன. தனித்த இரட்டைக்கு ஒரே அணுக்கருதான். அது ஆக்சிஜனை ஒட்டி அகலமாகப் பரவி, பக்கத்தில் இருப்பவற்றை நெருக்குகிறது. தனித்த இரட்டையே இல்லாத மீத்தேனில் 109.5, ஒன்று உள்ள அம்மோனியாவில் சுமார் 107, இரண்டு உள்ள நீரில் 104.5. கார்பன் டை ஆக்சைடிலோ, நடுவில் இருக்கும் கார்பனின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எல்லாம் இரண்டு இரட்டைப் பிணைப்புகளில் (ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான் ஜோடிகள் பங்கிடப்படும்) செலவாகிவிட்டன. கார்பன் மேல் தனித்த இரட்டை எதுவும் மிச்சமில்லை. இரண்டு பக்கம் மட்டும் என்றால் எதிரெதிரே நிற்பதுதான் வழி. அதனால் அது நேர்கோடு.

இந்த நான்கு புள்ளிகளின் வேலை வடிவத்தோடு முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் தனித்த இரட்டையை நோக்கி ஈர்க்கப்படுகிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நீட்ட ஒரு ஹைட்ரஜன் வேண்டும், வாங்கிக்கொள்ள ஒரு தனித்த இரட்டை வேண்டும். புள்ளிப் படத்தை வைத்து எண்ணுங்கள். அம்மோனியாவில் ஹைட்ரஜன் மூன்று, தனித்த இரட்டை ஒன்று. ஹைட்ரஜன் ஃபுளோரைடில் ஹைட்ரஜன் ஒன்று, தனித்த இரட்டை மூன்று. இரண்டிலும் ஒரு பக்கம் மிச்சம் நிற்கிறது. நீரில் இரண்டு, இரண்டு. கணக்கு சரியாக நேராகிவிடுகிறது. அம்மோனியா மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலும், ஹைட்ரஜன் ஃபுளோரைடு 20 டிகிரியை ஒட்டியும் கொதிக்க, நீர் 100 டிகிரி வரை தாங்குகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடின் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு நீருடையதைவிட வலுவானது. இருந்தும் எண்ணிக்கையில் நீர் ஜெயிக்கிறது.

உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கிறது: இரண்டை ஹைட்ரஜனால், இரண்டைத் தனித்த இரட்டைகளால். தீக்குச்சி நான்முகியின் அதே நான்கு திசைகள். அப்படி அடுக்கினால் நடுவில் வெற்றிடம் உள்ள அறுகோண வளையங்கள் வருகின்றன. அதனால்தான் நீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி மிதக்கிறது. ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிரோடு இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது "அறுகோண நீர்", "கட்டமைக்கப்பட்ட நீர்" என்று விற்கிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறுகோண வளையம் பனிக்கட்டியின் அமைப்பு. திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்குதான். அறுந்து, வேறொன்றோடு சேர்ந்து, மறுபடி அறுகிறது. காந்தத்தின் மேல் வைத்தால் நீருக்கு அந்த அமைப்பு வரும், அது குப்பிக்குள் நாள்கணக்கில் நிற்கும் என்று அவர்கள் சொல்வது பொய். நோயாளிகளிடம் இதை மருந்தாக விற்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

புள்ளிப் படம் தோற்கும் இடமும் உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறை வரைந்தால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 12-ம் ஜோடி ஜோடியாக அழகாக அமர்ந்துவிடும். அப்படியிருந்தால் அது காந்தத்தால் ஈர்க்கப்படக் கூடாது. ஆனால் இளநீலத் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே ஒட்டி நிற்கிறது. உண்மையில் அதில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் இருக்கின்றன. அதைக் காட்ட, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் பரவியிருப்பதாகக் கணக்கிடும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு வேலை. அம்மோனியாவை வரையுங்கள், தனித்த இரட்டையை மறக்காமல். அந்த இரண்டு புள்ளிகள் மேல் ஒரு ஹைட்ரஜன் அயனியை வையுங்கள். அது எலக்ட்ரான் எதுவும் கொண்டுவராது, வெறுங்கையோடுதான் வரும். தனித்த இரட்டை நான்காவது பிணைப்பாக மாறி, அம்மோனியம் அயனி கிடைக்கும். இப்போது நெருக்க யாரும் இல்லை. 107-இல் இருந்த கோணம் 109.5 டிகிரிக்கு விரிந்துவிடும்.