எத்தனை சதவீதம் என்பதற்கு முன், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்குச் சுங்க ஆலோசனை சொல்வது என் தொழில். 2025 ஆகஸ்ட் முதல் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகின்றன: "சார், இப்போ அமெரிக்காவுக்கு எத்தனை சதவீதம்?" நம் சரக்குக்கு அமெரிக்கா போடும் இறக்குமதி வரியைத்தான் கேட்கிறார்கள். சதவீதத்தைக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதுதான் முக்கியம். அந்த வரி எத்தனை நாள் நிற்கும், செல்லாது என்றால் பணம் யாரிடம் திரும்பும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்க அரசமைப்பின் முதல் கூறு, எட்டாம் பிரிவு, இறக்குமதித் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, விதிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கே கொடுத்திருக்கிறது. 1930இன் ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் பொருள் வாரியாக விகிதங்களைத் தானே எழுதிய காங்கிரஸ், அதன் கெட்ட பலனை அனுபவித்த பிறகு, பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்து விகிதங்களை 50 சதவீதம் வரை மாற்றும் உரிமையை 1934இல் அதிபரிடம் ஒப்படைத்தது. பின்னர் வந்த சட்டங்கள் இன்னும் தாராளமாகக் கொடுத்தன என்றாலும், ஒவ்வொன்றிலும் ஒரு கடிவாளம் இருந்தது. 1962 வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவுக்கு வணிகத் துறையின் விசாரணை தேவை. 1974 வணிகச் சட்டத்தின் 122ஆம் பிரிவுக்கு 15 சதவீத உச்சவரம்பும் 150 நாள் கெடுவும் உண்டு, அதை நீட்டிக்கக் காங்கிரஸ்தான் சட்டம் இயற்ற வேண்டும்.

இந்தக் கடிவாளங்கள் எதுவும் இல்லாதது என்று கருதித்தான், 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தை டிரம்ப் அரசு 2025இல் கையில் எடுத்தது. அச்சட்டத்தில் தீர்வை என்ற சொல்லே கிடையாது. இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று மட்டும் இருக்கிறது. அவசரநிலையை முடிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றினாலும் அதிபர் அதை வீட்டோ செய்யலாம். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையால் கொடுத்த அதிகாரத்தை அதே பெரும்பான்மையால் திரும்பப் பெற முடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

2025 செப்டம்பரில் போன ஒரு பருத்தி டி-ஷர்ட் சரக்கின் அமெரிக்கச் சுங்கப் படிவத்தைப் பாருங்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கான 6109.10 என்ற சுங்க எண்ணுக்கு நேராக வழக்கமான 16.5 சதவீதம், அதோடு 9903 என்று தொடங்கும் எண்களில் இந்தியாவுக்கான 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டிய இன்னொரு 25 சதவீதமும் தனித்தனியாக நிற்கும். 100 டாலர் சரக்குக்கு 66.50 டாலர் தீர்வை. 9903 எண்களில் நிற்கும் இரண்டும் அவசரகாலச் சட்டத்தின்படி அதிபர் ஆணையால் வந்தவை. அச்சட்டம் தீர்வை விதிக்க இடம் தரவில்லை என்று 2026 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த கையோடு அரசு 122ஆம் பிரிவுக்குத் தாவியது.

கட்டிய தீர்வையைத் திரும்பக் கேட்கும் உரிமை, சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிவானவருக்கே உண்டு. பெரும்பாலும் அவர் நம் பையர், அதாவது நம்மிடம் சரக்கு வாங்கும் அமெரிக்க நிறுவனம். என்னிடம் வரும் ஒருவர், பையர் கேட்டாரென்று துண்டுக்கு 40 சென்ட் குறைத்து, இன்வாய்ஸில் புதிய விலையை மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். அது தீர்வைக்காகக் கொடுத்த கழிவு (தள்ளுபடி) என்பதற்கு இப்போது அவரிடம் எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இன்னொருவர் பழைய விலையை அப்படியே காட்டி, கழிவைத் தனியாகக் காட்டி எழுதி, தீர்வை திரும்பினால் கழிவும் திரும்ப வேண்டும் என்று சரக்கு கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார். படித்தவர் என்பதால் அல்ல, ஏற்கெனவே ஒருமுறை பட்டவர் என்பதால்.

புதிய ஆர்டர்களில் கழிவு கொடுப்பதானால், எந்தப் பிரிவின் தீர்வைக்காக என்பதைப் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். ஆர்டர் போட்ட நாளின் விகிதம் பொருந்தாது; சரக்கு அமெரிக்கச் சுங்கத்தில் பதிவாகும் நாளின் விகிதமே பொருந்தும். ஆகவே 150 நாள் கெடு உள்ள பிரிவென்றால், தூத்துக்குடியிலிருந்து கப்பல் போய்ச் சேரும் நாட்களையும் சேர்த்து எண்ணிய பிறகே விலை சொல்லுங்கள்.