விரலைப் பார்க்கும் முன் தோளைப் பாருங்கள்

பக்கவாதத்துக்குப் பின் பிசியோதெரபிக்கு வருபவர்களை ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்யச் சொல்வேன். முதலில், கையை முன்னால் தூக்கிப் பிடித்தபடி விரல்களை விரிக்க வேண்டும். பலருக்கு முழங்கை மடங்கிவிடும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். அப்புறம் அதே கையை மேசைமேல் கிடத்தி, முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்து மறுபடி விரிக்கச் சொல்வேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகப் பிரியும். "இப்போ மட்டும் எப்படி வருது?" என்பார்கள் கூட வந்தவர்கள்.

மூளையிலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு நார்களில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடும். விரல்களைத் தனித்தனியே அசைக்க உதவுவது இந்தப் பாதைதான். இது சேதமானால் மூளைத்தண்டிலிருந்து வரும் வேறு பாதைகளின் ஆதிக்கம் கூடுகிறது என்று கருதப்படுகிறது. அவற்றுக்குத் தோளையும் விரலையும் பிரித்து இயக்க வராது. தோளைத் தூக்கினால் விரல் மடக்கும் தசைகளும் சேர்ந்தே இறுகும். பாரத்தை மேசை வாங்கிக்கொண்டால் அந்த இறுக்கம் கொஞ்சம் விடும்.

பக்கவாதம் வராதவர்களின் கையிலும் தோளுக்கும் விரலுக்கும் தொடர்பு உண்டு. மண்டைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டி, விரல் தசையில் எழும் துடிப்பை அளக்கும் முறையை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டினார்கள். அந்த முறையில் பார்த்தால், கை சும்மா இருக்கும்போதே தோளின் கோணத்தையோ முன்கை திரும்பியிருக்கும் விதத்தையோ மாற்றினால், அதே தூண்டலுக்கு அதே விரல் தசை கூடவோ குறையவோ துடிக்கிறது. கை எங்கே இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் தகவல் கட்டளையின் வலிமையையே மாற்றிவிடுகிறது. (மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் பிடி தளர்வது வேறு சமாச்சாரம். அதற்குக் காரணம் பெரும்பாலும் தசையின் நீளம்.)

அதனால்தான் பிடிவலிமையை அளக்கும்போது மேல்கை உடம்போடு ஒட்டி, முழங்கை 90 டிகிரியில், கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும் என்கிறோம். ஒரு தடவை உட்கார்ந்து, இன்னொரு தடவை கையை நீட்டி நின்று எடுத்த அளவுகளை ஒப்பிட்டு 'தேறிவிட்டது' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்து, கைப்பழக்கம். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கையின் பிடிவலிமை சராசரியாக 10 சதவீதம் கூடுதல். இடக்கைக்காரர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகவே இடது கை கொஞ்சம் பலவீனமாக இருப்பது ஒருவருக்கு இயல்பு, இன்னொருவருக்குக் கவனிக்க வேண்டிய அறிகுறி. எந்தக் கையால் எழுதுகிறார் என்று மட்டும் கேட்டால் போதாது. சின்ன வயதில் வற்புறுத்தி மாற்றப்பட்டவர்கள் நிறைய. பல் துலக்குவது, பந்து எறிவது, ஊசியில் நூல் கோப்பது எந்தக் கையால் என்று கேளுங்கள்.

வலக்கைக்காரர்கள் பெரும்பாலோருக்கு இரண்டு கைகளின் நுணுக்க வேலைகளையும் திட்டமிடுவதில் இடது மூளைக்கே பெரிய பங்கு. அங்கே அடிபட்டால் வலது கை செயலிழப்பதோடு, 'நல்ல' இடது கையும் பொத்தான் போடத் தடுமாறலாம். சோம்பேறித்தனம் என்று வீட்டார் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பாவம், அவர் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது முதலில் முழங்கைக்கு முட்டுக் கொடுங்கள். விரல் ஏற்கெனவே சுருண்டு இறுகியிருப்பவர் கையில் ஸ்பாஞ்ச் பந்தைத் திணித்து நாள் முழுக்கப் பிசையச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு வராதது விரிப்பதுதான், மடக்குவது இல்லை. மேசைமேல் கையை வைத்து, பிடித்த டம்ளரை விடும் பயிற்சியைக் கற்றுத்தரும்படி உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். அது சுலபமாக வந்த பிறகு முட்டுக் கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.